ஏறுகிறவளைக் கேட்காத வண்டி

பர்மாவின் தாகேதாவில் பரீதாவைத் தெரியாதவர்கள் குறைவு. பாதிப்பேருக்கு அவள் சுடும் வடையைத் தெரியும், மீதிப்பேருக்கு அவள் வாயைத் தெரியும். நகரத்துக்குள் லத்தாவில் மொத்த வியாபாரக் கடைகள் இருக்கும் ஒரு தெருவில், மருந்துக் கடைக்கு வெளியே நடைபாதை ஓரமாக அடுப்பு வைத்துப் பருப்பு வடை சுட்டு விற்கிறவள். பர்மாக்காரர்கள் அதைப் பயாஜோ என்பார்கள். பேர் எதுவானாலும் மாவரைத்துக் கை வலித்தது பரீதாவுக்குத்தான். அந்த நடைபாதை இடத்துக்குச் சீட்டு, ரசீது எதுவும் கிடையாது. விடிகிற நேரத்தில் யார் வந்து அடுப்பு வைக்கிறார்களோ அவர்களுக்கு இடம், அவ்வளவுதான் தெருவின் சட்டம். ஒரு தடவை காய்ச்சலில் படுத்துவிட்டுத் திரும்பிப் போனபோது, அங்கே ஒருத்தி வாழைப்பழத்தைப் பரப்பி வைத்துக்கொண்டு, பிறந்ததிலிருந்து அங்கேயே உட்கார்ந்திருப்பவள் போலப் பார்த்தாள். இடத்தை மீட்க பரீதா பட்ட பாடு கொஞ்சமில்லை. அன்றிலிருந்து மழையானாலும் வெயிலானாலும் விடிவதற்குள் லத்தாவில் இருந்துவிடுவாள்.

அவளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவள் புருஷன் உதுமான் ஓட்டும் ஹைலக்ஸ் பிக்கப். தாகேதாவிலிருந்து பாலம் தாண்டி லத்தா வரைக்கும் ஆள் ஏற்றிப் போகும் லைன் கார் அது. பின்னால் இரண்டு பக்கமும் நீளப் பலகை, மேலே தார்ப்பாய்க் கூரை, கடைசியில் ஏறுவதற்கு ஒரு இரும்புப் படி. டீக்கடையிலும் பள்ளிவாசலிலும் அதற்குப் பேர் உதுமான் வண்டி. ஆனால் அந்த வண்டியில் பாதி பரீதாவின் கல்யாண வளையல். மீதியிலும் வடைக்காசு கலந்திருந்தது. அதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் பின்னால் நடந்ததில் பாதி நடந்திருக்காது.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷ மழைக்காலம். தாகேதாவில் மழை பெய்தால் தெருவும் சாக்கடையும் ஒன்றாகிவிடும். எது பள்ளம் எது மேடு என்று அல்லாவுக்குத்தான் தெரியும். அப்படி ஒரு காலையில் நட்டநடுத் தண்ணீரில் உதுமானின் இஞ்சின் நின்றுபோனது. கண்டக்டரை அங்கே ஸ்பேயா என்பார்கள். உதுமானின் ஸ்பேயா கோ ஜோவும் இன்னும் சிலரும் இறங்கித் தள்ளிக்கொண்டிருக்கையில், ஒரு அரிசி வியாபாரியின் புதுப் பிக்கப், ஆளுயரச் சக்கரத்தோடு பக்கத்தில் போனது. அது கிளப்பிவிட்ட அலை உதுமானின் ஜன்னல் வழியாக உள்ளே வந்து, அவன் மடியில் உட்கார்ந்தது. அரிசி வியாபாரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தண்ணீர் வடிந்துவிட்டது, அந்த அவமானம் வடியவில்லை. உதுமான் நல்ல மனுஷன். தொழுகை தவறாதவன், பெண்டாட்டியைக் கைநீட்டி அடிக்காதவன். ஆனால் ஒருவன் தன்னைப் பார்க்காமல் போய்விட்டான் என்றால் அதை மறக்கவே மாட்டான். அந்த நேரம் பார்த்துத்தான் பரீதாவின் தம்பி ஜாபர், தாய்லாந்து எல்லையில் ஒரு மோட்டார் பட்டறையில் ஒன்றரை வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பினான். கூடவே ஒரு தாய்லாந்து மோட்டார் பத்திரிகையும் வந்தது. அதில் ஒரு எழுத்துகூட அவனுக்கு வாசிக்கத் தெரியாது. படங்களே போதுமாயிருந்தது.

"மச்சான், ஒங்க வண்டி குனிஞ்சுல நிக்குது. இதப் பாருங்க, எப்பிடி நிமுந்து நிக்குதுன்னு" என்று ஒரு படத்தைக் காட்டினான்.

குனிந்துதான் நின்றது, பொய் இல்லை. பின்னால் ஆள் பாரம் தாங்குவதற்காக உதுமானே வருஷங்களுக்கு முன் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை போட்டிருந்தான். அதனால் காலியாக நிற்கும்போது வண்டிக்குப் பின்பக்கம் தூக்கலாகவும் மூக்கு தாழ்ந்தும் இருக்கும். இருபது பேர் ஏறி உட்கார்ந்ததும் சமமாகிவிடும். ஜாபர் காட்டிய படத்தில் இருந்த வண்டியின் பின்னால் ஒரே ஒரு நாய் மட்டும் நின்றுகொண்டிருந்தது. நாய் ஏறும் வண்டிக்கும் தாகேதா லைன் வண்டிக்கும் வித்தியாசம் உண்டு என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

பிறகு நடந்த ஆலோசனை இருக்கிறதே, ஒரு கல்யாணம் பேசி முடிப்பதற்குக்கூட அவ்வளவு பேச்சு நடந்திருக்காது. முன்பக்கத்தைத் தூக்கி வண்டியைச் சமமாக்க லெவலிங் கிட் வாங்குவதா, இல்லை முன்பக்க முறுக்குக் கம்பியை இறுக்கிவிட்டால் போதுமா? தடித்த இரும்பு வட்டுகள் வைத்த கிட்தான் கௌரவம் என்றான் ஜாபர். டயர் எவ்வளவு பெரிசு? ஜப்பானில் ஓடித் தேய்ந்ததா, தாய்லாந்துப் புதுசா? பெரிய டயர் போட்டால் மட்கார்டில் உரசுமே, அதை வெட்டுவதா, சுத்தியால் தட்டி வளைப்பதா? டீக்கடைக்கு வெளியே வண்டியை நிறுத்தி வைத்து அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். குனிந்து பார்த்தார்கள், சக்கரத்தைக் காலால் எத்திப் பார்த்தார்கள். வந்தவன் போனவன் எல்லாரிடமும் கேட்டார்கள். டீ ஊற்றுகிறவனிடம் கேட்டார்கள். வண்டியே வைத்திருக்காத பள்ளிவாசல் மோதினாரிடம்கூடக் கேட்டார்கள். அவரும் பெரிய டயர்தான் நல்லது என்றார்.

அத்தனை பேரும் லுங்கியை முழங்காலுக்கு மேலே தூக்கிச் சொருகிக்கொண்டு நின்ற ஆண்கள். அத்தனை பேரும் வண்டியின் முன்பக்கமே நின்றார்கள்.

பரீதாவுக்கு இந்தச் சேதி பருப்பு வாங்கப் போன கடையில்தான் தெரிந்தது. தன் வளையலை என்ன செய்யப்போகிறார்கள் என்பதைப் பருப்புக் கடைக்காரன் வாயால் கேட்க வேண்டியிருந்தது அவளுக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. வீட்டுக்கு வந்து, சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இருவரையும் பார்த்துக் கேட்டாள்.

"வண்டியத் தூக்கப் போறீகளாமே. படி என்னாகும்?"

"எந்தப் படி?" என்றான் உதுமான். அவன் நிஜமாகவே புரியாமல்தான் கேட்டான்.

"நாங்க ஏறுற படி."

ஜாபர் சிரித்தான். "அதெல்லாம் சின்ன விசயம் ராத்தா. பொறவு பாத்துக்கலாம்."

"கீழ தொங்குற மாதிரி இன்னொரு படி வெச்சுட்டுத் தூக்கு."

"தொங்கப் படி வெச்சா பாக்குறதுக்கு நல்லா இருக்காதே, பரீதா" என்று உதுமான் ரொம்பப் பொறுமையாகச் சொன்னான். அந்தப் பொறுமைதான் அவளுக்கு எரிச்சலைக் கிளப்பியது. அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து போனாள். அவள் முக்காட்டை இழுத்தால் அடுத்து வருவது நல்லதல்ல என்று உதுமானுக்குத் தெரியும். ஆனால் அன்று அவன் மனம் முழுக்க டயரில் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு வண்டி பட்டறையிலிருந்து வந்தது. தெருவே பார்த்தது. முன்னும் பின்னும் ஒரே சமமாக, உயரமும் அகலமுமான புது டயர்களின் மேல், கருகருவென்று நின்றது. கோ ஜோ கண்ணாடியில் மல்லிகைச் சரம் கட்டினான். ஜாபர் தன் கையாலேயே சக்கரங்களைத் துடைத்தான். உதுமான் உள்ளே ஏறி உட்கார்ந்து, ஸ்டீரிங்கைப் பிடித்தபடி, அரிசி வியாபாரி எங்கேயாவது வருகிறானா என்பதுபோலத் தெருமுனையைப் பார்த்தான்.

மறுநாள் விடியலில் பரீதா ஊறிய பருப்பை அரைத்து எடுத்த மாவுப் பேசினோடு வண்டிக்குப் பின்னால் வந்து நின்றாள். பெரிய டயர் தூக்கிவிட்டதில், படி அவள் இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பர்மாவில் எல்லாப் பெண்களையும் போல அவளும் தமெயின் கட்டுகிறவள். பெண்களின் லுங்கி அது. இடுப்பில் இறுக்கிச் சுற்றிப் பக்கவாட்டில் சொருகினால் கணுக்கால் வரை ஒட்டிக்கொண்டு நிற்கும். நடக்கலாம், உட்காரலாம், பழைய படியில் ஏறவும் செய்யலாம். இந்த உயரத்துக்குக் கால் தூக்க வேண்டுமென்றால் அதைத் தொடைக்கு மேலே சுருட்டியாக வேண்டும். பலகையில் உட்கார்ந்திருந்த ஆண்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். அவர்கள் பார்க்காதது மாதிரி இருந்ததுதான் இன்னும் மோசம். கோ ஜோ பாவம், கையை நீட்டினான். இத்தனை வருஷம் யார் கையும் பிடிக்காமல், மாவுப் பேசினைத் தலையில் வைத்துக்கொண்டே ஏறிய வண்டியில், இப்போது அன்னிய ஆண் கையைப் பிடித்துத் தொங்க வேண்டுமாம். ஒரு தடவை கால் வைத்துப் பார்த்தாள். தமெயின் முழங்காலில் இழுத்துப் பிடித்தது, பேசின் ஆடியது. இறங்கிவிட்டாள்.

உதுமான் ஜன்னல் வழியே தலையை நீட்டினான். "முன்னால வந்து எம்பக்கத்துல ஒக்காரு பரீதா."

"நான் ஒக்காந்துருவேன். பவுனம்மா எங்க ஒக்காருவா? மீன்காரி டோ ஒன் எங்க ஒக்காருவா? ஒங்க மடியிலயா?"

பவுனம்மாள் பக்கத்துத் தெருக்காரி. லத்தாவில் பூ விற்கிறவள், வயதில் மூத்தவள், வம்புக்குப் போகாதவள். பரீதாவைப் போல வாயாடாமல், தமெயினை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தன்னால் முடியும் என்று ஏறப் போனாள். ஈரப் படி வழுக்கியது. முழங்கால் எலும்பு இரும்பில் போய் மோதிய சத்தம் எல்லாருக்கும் கேட்டது. பூக்கூடை சேற்றில் கவிழ்ந்து, கட்டி வைத்த சரமெல்லாம் தண்ணீரில் மிதந்தது. அவள் அழவில்லை. "எனக்குத்தான் வயசாயிருச்சு" என்று தன்மீதே பழியைப் போட்டுக்கொண்டு பூவைப் பொறுக்கினாள்.

அதைக் கேட்டதும் பரீதாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வண்டியைத் தூக்கியவன் ஒருவன், விழுந்தவள் மன்னிப்புக் கேட்கிறாள். அவள் பவுனம்மாளைக் கைத்தாங்கலாக எழுப்பி, அடுத்து நின்ற இன்னொரு லைன்காரன் பர்கத்துல்லாவின் வண்டிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பர்கத்துல்லாவின் வண்டி பழசு. துருப்பிடித்தது. மூக்கைத் தரையில் உரசுவதுபோலக் குனிந்து நிற்கும். படி முழங்காலுக்குக் கீழே இருந்தது. பரீதா ஏறினாள், பவுனம்மாளும் ஏறினாள், அவர்களைப் பார்த்துவிட்டு டோ ஒன் தன் மீன்கூடையோடு ஏறினாள். அந்த வண்டி ஸ்பேயா காசுக்குக் கை நீட்டியபோது பரீதா மற்றவர்களைப் போலவே காசு கொடுத்தாள். சொந்த வண்டிக்காரி அடுத்தவன் வண்டியில் டிக்கெட் எடுக்கிறாள் என்ற பேச்சு அவளுக்கு முன்னாலேயே பாலத்தைத் தாண்டி லத்தா போய்ச் சேர்ந்தது.

அன்று மத்தியானம் உதுமான் வடைக் கடைக்கே வந்துவிட்டான். "மானம் போவுது பரீதா. எம்பொண்டாட்டி காசு குடுத்து அவன் வண்டியில வர்றா."

"பவுனம்மா சேத்துல கெடந்தப்ப போகாத மானம், நான் காசு குடுத்ததுலயா போச்சு?"

அவன் ஒரு வடையை எடுத்துக் கடித்துக்கொண்டு போனான்.

அதற்குப் பிறகு ஜாபர் ஒரு வழி கண்டுபிடித்தான். பிளாஸ்டிக் ஸ்டூல். நிறுத்தத்துக்கு நிறுத்தம் கோ ஜோ இறங்கி ஸ்டூலைப் போடுவான், பெண்கள் அதில் ஏறி அதிலிருந்து படியில் ஏற வேண்டும். லைன் வண்டி எந்த ஊரில் முழுதாக நின்றிருக்கிறது? பாதி நிற்கும்போதே ஒரு கூட்டம் ஏறும், நகரும்போது ஒரு கூட்டம் தொற்றும். ஸ்டூல் போட்டு எடுப்பதற்குள் பின்னால் வருகிறவன் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொள்வான். இரண்டாம் நாளே பாலத்துக்கு இந்தப் பக்கம் எங்கேயோ ஸ்டூலை மறந்து விட்டுவிட்டார்கள். இன்னொரு கூத்தும் இருந்தது. ஆண்கள் பின்னால் நிறைந்ததும் பின்பக்கம் அமுங்கி, காசு கொடுத்துத் தூக்கிய மூக்கு இன்னும் மேலே போனது. விடியற்காலை இருட்டில் வண்டியின் விளக்கு ரோட்டை விட்டுவிட்டு மரக்கிளைகளைக் காட்டியது. சமமாக நிற்கத்தானே இத்தனை பாடு என்று கேட்க ஆளில்லை. கேட்டாலும் ஜாபர் பத்திரிகையை எடுத்துக் காட்டியிருப்பான்.

சிரிக்கிற கதை அதோடு முடிந்தது. பர்கத்துல்லாவின் வண்டி இரண்டு வண்டிக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு முனகி முனகிப் போனது, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் தாமதமானது. ஒரு காலையில் பரீதா லத்தாவில் இறங்கி ஓடிப் போய்ப் பார்த்தபோது, மருந்துக் கடைக்கு வெளியே அவள் இடத்தில் ஒரு கூடை இருந்தது. கூடை நிறைய வாழைப்பழம். பக்கத்தில் அந்தப் பழைய ஆள், அதே பார்வை.

மருந்துக் கடைச் சீனக் கிழவர் நடுவில் வந்து பேசியதால் அன்றைக்குப் பாதி இடம் கிடைத்தது. பரீதா அடுப்பை ஓரமாக ஒடுக்கி வைத்து, சரிந்த தரையில் எண்ணெய்ச் சட்டி ஒருக்களித்து நிற்க, கையைச் சுட்டுக்கொண்டு வடை சுட்டாள். இருக்கிற ஒரே இடம் போய்விட்டால், அதன் பிறகு உதுமான் தருவதை வாங்கிக்கொண்டு, அவன் முடிவு செய்வதைப் பருப்புக் கடைக்காரன் சொல்லத் தெரிந்துகொண்டு மிச்சக் காலத்தை ஓட்ட வேண்டும். அந்த நினைப்பில் அவளுக்கு அழுகை வந்தது. அழுகையை விடக் கோபம் அதிகமாக வந்தது.

மறுநாள் விடியலில் லைன் நிறுத்தத்தில் எல்லா வண்டிகளும் வரிசையாக நின்றன. பரீதா பர்கத்துல்லாவின் வண்டிக்குப் போகவில்லை. நேராக உதுமான் வண்டிக்குப் பின்னால் போய் நின்றாள். தன்னோடு சமாதானமாகிவிட்டாள் என்று நினைத்து உதுமான் முகம் மலர இறங்கி வந்தான்.

"ஏங்க, ஒரு தடவ நீங்க ஏறுங்க" என்றாள்.

"நானா? எதுக்கு?"

"ஏறுங்க. லுங்கியத் தூக்கிச் சொருகாம ஏறணும். எங்கள மாதிரி."

உதுமான் சுற்றிலும் பார்த்தான். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். ஜாபர் வந்துகொண்டிருந்தான். பெண்கள் கூடைகளை இறக்கி வைத்துவிட்டு நின்றார்கள். மாட்டேன் என்றால் பயந்துவிட்டான் என்பார்கள். இதென்ன பெரிய காரியம் என்று உதுமானுக்கும் தோன்றியது. வழக்கம்போலக் கை தானாக லுங்கியைத் தூக்கப் போனது. பரீதா அந்தக் கையைப் பிடித்துக் கீழே விட்டாள். பிறகு தன் தலையிலிருந்த மாவுப் பேசினை இறக்கி அவன் தலையில் வைத்தாள்.

"இதையும் வெச்சுக்கிட்டு."

உதுமான் ஒரு கையால் பேசினைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காலைத் தூக்கினான். கால் பாதி தூரம் போய் நின்றது. லுங்கி இறுகி அதற்கு மேல் விடவில்லை. இன்னும் உந்தினான், இடுப்புக் கட்டு நழுவியது. பேசினை விட்டால் லுங்கியைப் பிடிக்கலாம், கம்பியை விட்டால் விழ வேண்டும். ஒரு காலை அந்தரத்தில் வைத்துக்கொண்டு, இத்தனை வருஷம் ஓட்டிய சொந்த வண்டிக்குப் பின்னால், தாகேதா மொத்தமும் பார்க்க அவன் நின்றான். டீக்கடைப் பக்கம் யாரோ சிரித்தார்கள். பெண்கள் ஒருத்தியும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு அது தெரிந்த விஷயம்.

கோ ஜோ பழக்கதோஷத்தில் கை நீட்டினான். உதுமான் அந்தக் கையைப் பார்த்தான். பிறகு மெதுவாகக் காலைக் கீழே வைத்தான். வேர்த்திருந்தது.

"நான் ஓட்டுற எடத்துலயே இருந்துட்டேன், பரீதா" என்றான். "இந்தப் பக்கம் வந்து பாக்கல."

"மச்சான், வேணும்னா ஒரு தொங்கப் படி" என்று ஜாபர் ஆரம்பித்தான்.

"நீ சும்மா இருடா" என்றான் உதுமான். அவன் ஜாபரை அதட்டியது அதுதான் முதல் தடவை. "நாளைக்கிக் கழட்டிருவோம்."

பரீதா அவன் தலையிலிருந்து பேசினை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள். "நல்லது. இன்னைக்கி ஒங்க வண்டி ஒசரமாத்தான் நிக்குது" என்று சொல்லிவிட்டு, பர்கத்துல்லாவின் வண்டியில் போய் ஏறினாள். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள்.

டயர்களை ஜாபர் பட்டறை வழியாக யாரிடமோ தள்ளிவிட்டான். பழைய டயர்கள் திரும்ப ஏறின, வண்டி மறுபடி மூக்கைத் தாழ்த்தி நின்றது. லெவலிங் கிட்டை மட்டும் யாரும் வாங்கவில்லை. வீட்டு மூலையில் கிடந்த அந்தத் தடித்த இரும்பு வட்டுகளைப் பரீதா லத்தாவுக்கு எடுத்துப் போய், சரிந்த நடைபாதையில் அடுப்புக் காலுக்கு அண்டக் கொடுத்தாள். எண்ணெய்ச் சட்டி சமமாக நின்றது. வாழைப்பழக்காரி சில நாள் நேரத்தோடு வந்து பார்த்தாள். எப்போது வந்தாலும் பரீதா அங்கே வடை சுட்டுக்கொண்டிருந்ததால், ஒரு வடையை வாங்கித் தின்றுவிட்டு வேறு தெருவுக்குப் போனாள்.

மழை மட்டும் யாருக்காகவும் நிற்கவில்லை. அந்த மாதக் கடைசியில் அதே தெரு, அதே பள்ளம், அதே தண்ணீர், இஞ்சினும் அதே இடத்தில் நின்றது. பின்னால் கூடைகளோடு பெண்கள் நிறைந்திருந்தார்கள். ஆண்கள் சிலரே இருந்தார்கள், அவர்கள் தள்ளி வண்டி அசையவில்லை. உதுமான் கதவைத் திறந்து, முழங்கால் தண்ணீரில் இறங்கி, வண்டியைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்தான்.

"எல்லாரும் கொஞ்சம் எறங்கித் தள்ள முடியுமா?" என்று கேட்டான்.

பவுனம்மாள்தான் முதலில் இறங்கினாள். டோ ஒன் இறங்கினாள். பலகையில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் தமெயினைக் கெண்டைக்கால் வரை சுருட்டிக்கொண்டு ஒவ்வொருவராகச் சாக்கடைத் தண்ணீரில் இறங்கி வண்டியில் கை வைத்தார்கள். அரிசி வியாபாரியின் வண்டி அன்றும் அலை கிளப்பிக்கொண்டு போனது. உதுமான் அதைப் பார்க்கவில்லை. பரீதா கடைசியாக, மாவுப் பேசினைப் பலகையில் பத்திரமாக வைத்துவிட்டுப் படியில் நின்றாள்.

"இப்ப எங்களக் கேக்கத் தெரியுது" என்றாள். "தள்ளுறதுக்குன்னா கேக்கத் தெரியுது."

உதுமான் அவளுக்கு இடம் விட்டுத் தள்ளி நின்றான். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள், அவனுக்குப் பக்கத்தில் வந்து தன் வண்டியில் தோள் கொடுத்துத் தள்ளினாள்.